தம்பி கல்யாணத்துக்கு எடுத்த கூட்டு போட்டோ ஆல்பம்

போன மாதம் நங்கநல்லூரில் தம்பிக்குக் கல்யாணம். வந்தவர்கள் போனில் எடுக்கும் படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேரட்டும் என்று, கியூஆர் கோடை ஸ்கேன் செய்து படம் ஏற்றும் இணைய ஆல்பம் ஒன்றைக் காசு கொடுத்து எடுத்தோம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

கூகுள் போட்டோஸே போதும் என்றான் தம்பி. ஆனால் அதில் படம் சேர்ப்பவருக்குக் கூகுள் கணக்கு வேண்டும். இலவசமாகக் கிடைப்பதும் ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு அது நிரம்பிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் முழுசாக வரும்தான், அதை அத்தனை பேருக்கும் யார் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது?

நிச்சயதார்த்தத்துக்கு வேறொரு இடத்தில் மிகக் குறைந்த விலைத் திட்டம் எடுத்துச் சூடுபட்டிருந்தோம். 30 நாளில் ஆல்பம் மூடிவிட்டது. எங்கள் பெரியம்மா பாடிய வீடியோ அதோடு போயிற்று. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் இந்த முறை திட்டம் எத்தனை விருந்தினருக்கு இடம் தரும் என்ற கணக்கைப் பார்க்கவே இல்லை. படம் அசல் அளவிலேயே இறங்குமா, வீடியோ ஏற்குமா, ஆல்பம் எத்தனை மாதம் இருக்கும், ஆப் இல்லாமல் திறக்குமா என்றுதான் கேட்டேன். அப்புறம் இன்னொன்று: கல்யாணம் முடிந்த பிறகும் படம் ஏற்ற முடியுமா? மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்தில், அங்கே சிக்னலே கிடையாது. பாதிப் படங்கள் மறுநாள் அவரவர் வீட்டிலிருந்துதான் வந்தன. அன்று ராத்திரியே மூடும் திட்டம் என்றால் அத்தனையும் போயிருக்கும்.

கியூஆர் கோடு அட்டையை மேடைப் பக்கம் வைத்தோம், யாரும் சீண்டவில்லை. பந்திக்குக் காத்திருக்கும் இடத்தில் மாற்றி வைத்ததும் வரிசையாக போன் நீண்டது. தாம்பூலப் பையிலும் ஒரு சீட்டு போட்டிருந்தோம், ஊருக்குப் போனவர்கள் அதை வைத்துத்தான் அனுப்பினார்கள்.

வந்ததில் ஒரு படம். ஸ்டோர் ரூமில் மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து தேங்காய் எண்ணுகிறார். காதில் பேனா, மடியில் கணக்கு நோட்டு, பட்டு வேட்டியில் தேங்காய் நார். இரண்டு நாளும் அந்த அறையை விட்டு அவர் வெளியே வந்ததே குறைவு. போட்டோகிராபர் கொடுத்த ஆல்பத்தில் குடும்பப் படம் ஒன்றில் மட்டும் ஓரமாக நிற்கிறார். இதை எடுத்தது சம்பந்தி வீட்டுச் சிறுவன்.

அரை மார்க் ஏன் குறைத்தேன் என்றால், ஐபோன் படங்கள், அந்த போன் வழக்கமாகச் சேமிக்கும் எச்இஐசி என்ற கோப்பு வடிவத்திலேயே இறங்கின. பிரிண்ட் போடும் கடையில் அவை திறக்கவில்லை. ஜேபெக்காக மாற்றித் தரும் வசதியும் இருந்திருக்கலாம். நானே உட்கார்ந்து மாற்றினேன். மாமா படத்தை மட்டும் 8க்கு 12 அளவில் போட்டு, சட்டம் மாட்டக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வாங்கப் போக வேண்டும்.