ஆப்ஷன், ஆர்எஸ்யு, ரொக்கம்: எது உழைக்க வைக்கிறது, எது உட்கார வைக்கிறது?

கம்பெனிகள் ஊழியருக்குச் சம்பளத்தோடு தரும் ஸ்டாக் ஆப்ஷன் என்பது, அந்தக் கம்பெனியின் பங்கை இன்றைய விலையிலேயே பின்னால் ஒருநாள் வாங்கிக்கொள்ளும் உரிமை. 10 டாலருக்குப் பங்கு வாங்கும் உரிமை பெற்றவருக்கு, பங்கு 30 டாலர் ஆனால் 20 டாலர் லாபம். 8-க்கு இறங்கினால் ஒன்றுமில்லை. ஆர்எஸ்யு-வில் (restricted stock unit) தவணை தவணையாகப் பங்கையே கொடுத்துவிடுகிறார்கள். விலை 8-க்கு இறங்கினாலும் அந்த 8 டாலர் மிஞ்சும்.

பத்துப் பேர் இருக்கும் மென்பொருள் கம்பெனியில் ஆப்ஷனை அடிக்க ஆளில்லை. நாம் எழுதும் கோட்தான் கம்பெனி பிழைக்குமா என்று முடிவு செய்கிறது. ராத்திரி கண்விழிப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. ஒரு லட்சம் பேர் வேலை செய்யும் இடத்தில்? நம் உழைப்பைவிட வட்டி விகிதம்தான் பங்கு விலையை அதிகம் அசைக்கும். அங்கே ஆப்ஷன் கிட்டத்தட்ட லாட்டரிச் சீட்டு.

சீட்டு விழாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2000 மார்ச்சில் 5,000 புள்ளிகளைத் தாண்டிய, அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு, 2002 அக்டோபரில் 1,114 வரை சரிந்தது. 2003-இல் மைக்ரோசாஃப்ட் ஆப்ஷனை விட்டுவிட்டுப் பங்காகவே கொடுக்கத் தொடங்கியது. 2009-இல் கூகுள், மதிப்பிழந்த ஆப்ஷன்களைக் குறைந்த விலைக்கு மாற்றித் தந்தது. ஆனால் வெஸ்டிங் காலத்தில், அதாவது ஆப்ஷன் முழுசாக நம் கைக்கு வரும்வரை காத்திருக்கும் காலத்தில், 12 மாதம் கூட்டிக்கொண்டது. பரிசு மாதிரி தெரிந்தாலும் ஊழியரைக் கட்டிவைக்கும் கயிற்றின் நீளம்தான் கூடியது.

சீட்டு விழுந்துவிட்டால் சிக்கல் வேறு. வழக்கமான வெஸ்டிங் 4 வருடம். முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் கிடையாது. பங்கு பல மடங்கு ஏறிய பிறகு, வேலையில் மனம் இல்லாதவரும் மிச்சத் தவணைக்காக நாளை எண்ணிக்கொண்டிருப்பார். 'ரெஸ்ட் அண்ட் வெஸ்ட்' என்று இதற்குச் சிலிக்கான் வேலியில் பெயரே உண்டு. அவரைக்கூட மன்னித்துவிடலாம். பக்கத்து நாற்காலிக்காரரை யோசித்துப் பாருங்கள்: அதே வேலை, அதே திறமை, ஒன்றரை வருடம் தாமதமாகச் சேர்ந்தவர். ஒருவருக்கு வீட்டுக்கடன் முடிந்துவிட்டது, இவருக்கு இன்னும் தொடங்கவில்லை. என் கணக்கில் ஒரு குழுவின் உற்சாகத்தை அதிகம் அரிப்பது சோம்பேறியாகிவிட்ட பணக்காரர் இல்லை, இந்த இடைவெளிதான்.

பணம் வந்த எல்லோரும் சோர்ந்துபோவதில்லை, சரி. வேலையை உண்மையாகவே ரசிப்பவர், பயம் போனதும் மேலாளரிடம் 'இது தப்பு' என்று துணிந்து சொல்வார். அந்தத் துணிச்சலை எந்தத் தவணையும் தராது.

ஆர்எஸ்யு-வில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு, கனவும் குறைவு. அமேசான் நெடுநாள் வைத்திருந்த, நான்கு வருடத்தில் வருடத்துக்கு முறையே 5, 15, 40, 40 சதவீதப் பங்கு தரும் கணக்கைப் பாருங்கள்: பெரும்பங்கு மூன்றாம், நான்காம் வருடத்தில். அது 'நன்றாகச் செய்' என்று சொல்லவில்லை, 'போகாதே' என்கிறது.

ரொக்கத்தில் கயிறே இல்லை. நெட்ஃபிளிக்ஸ் சம்பளத்தில் எவ்வளவு ரொக்கம், எவ்வளவு ஆப்ஷன் என்பதை ஊழியரிடமே விட்டது. ஆப்ஷனும் உடனே கைக்கு வந்துவிடும். நாளைக்கே போக முடிந்தும் இருக்கிறார் என்றால், அவர் வேலைக்காக இருக்கிறார் என்று ஓரளவு நம்பலாம். பெரிய கம்பெனி என்றால் நான் ரொக்கத்தைத்தான் கேட்பேன். பத்துப் பேர் கம்பெனி என்றால் ஆப்ஷன், அதுவும் வேலையை விட்ட பிறகு அதை வைத்துப் பங்கு வாங்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. பல இடங்களில் அது 90 நாள்தான்.