வேன் டயருக்குக் காற்று: பங்க்கா, நைட்ரஜனா, சொந்தப் பம்பா?

எங்களுக்குக் கல்யாணச் சமையல் தொழில். மேற்கு மாம்பலத்தில் வீடு, வாசலில் வேன். அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை, இலைக்கட்டு என்று ஏற்றிக்கொண்டு சென்னையில் அது போகாத மண்டபம் குறைவு. போன கத்திரி வெயிலில், செங்கல்பட்டைத் தாண்டி ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழியில், பின்பக்க இடது டயர் பக்கச்சுவர் கிழிந்து வெடித்தது. டிரைவர் அண்ணன் என் அப்பா காலத்து ஆள். பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகம் தானாகத் தணியும்வரை பொறுத்து ஓரம் கட்டினார். இரண்டு தூக்கு தயிர் கொட்டியதோடு போயிற்று.

அந்த டயருக்கு வயது இரண்டுதான். பட்டன், அதாவது தரையில் படும் ரப்பரின் வரிப்பள்ளம், நன்றாகவே இருந்தது. பஞ்சர் கடைக்காரர் அதைக் கழற்றி உள்ளே கையை விட்டு வெளியே எடுத்தபோது, உள்ளங்கை முழுக்கக் கறுப்பு ரப்பர்த் துகள், அரைத்த மிளகுத் தூள்போல. டயரின் உட்சுவரில் சுற்றிலும் ஒரு தேய்ந்த வளையம். “காற்று குறைவாக ரொம்ப நாள் ஓடியிருக்கிறது” என்றார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “முந்தாநாள்தான் தம்பி பங்க்கில் 50 வைத்தேன்” என்று என்னிடம் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. 50 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அலகு) வைத்த டயர் காற்றுக் குறைவால் எப்படிக் கிழியும் என்று குடைந்துகொண்டே இருந்ததன் விளைவுதான் இந்த ஒப்பீடு.

நான் எதை எடுத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொந்தமாகக் காற்றழுத்தம் அளக்கும் ஒரு கேஜ், வேனின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் ஒரு சிறு பம்பு.

பங்க்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசில்லை, வழியிலேயே இருக்கிறது. இலவசக் காற்று தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் பங்க்குகளுக்கு வைத்திருக்கும் விதி. வேலை செய்யாத இயந்திரம், பின்னால் ஹாரன் அடிக்கும் ஆட்டோ, ‘ஆள் சாப்பிடப் போயிருக்கிறார்’ என்ற பதில், இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவசரத்துக்கு இன்றும் அங்கேதான் போகிறேன்.

நைட்ரஜனை எட்டு மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். டயர் கடையில் “விமானத்துக்கே இதுதான் சார்” என்றார்கள். உண்மைதான். ஆனால் விமானத்துக்கு அது தேவைப்படும் காரணங்கள் வேறு. தரையிறங்கும்போது பிரேக்கும் சக்கரமும் கொதிக்கும் சூட்டில் உள்ளே ஆக்சிஜன் இருந்தால் ஆபத்து. மேலே உறைகுளிரில் ஈரம் இருந்தால் அது பனிக்கட்டியாகிவிடும். கோயம்பேட்டுக்கும் மாம்பலத்துக்கும் நடுவே ஓடும் வேனுக்கு இரண்டும் பொருந்தாது. தவிர, நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதிக்குத்தான் ஒரு சக்கரத்துக்கு ஐம்பது ரூபாய் வாங்கினார்கள்.

நைட்ரஜனால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது கசிவது மெதுவாகத்தான். பொருள்களைச் சோதித்து எழுதும் அமெரிக்க இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2007இல் வெளியிட்ட சோதனையில், 30 பிஎஸ்ஐ வைத்து ஓராண்டு சும்மா நிறுத்திய டயர்களில் சாதாரணக் காற்று சராசரியாக 3.5 பிஎஸ்ஐ குறைந்தது, நைட்ரஜன் 2.2 குறைந்தது. ஓராண்டுக்கு 1.3 பிஎஸ்ஐ வித்தியாசம். அது கார் டயரில் செய்த சோதனை, அதிக அழுத்தத்தில் பாரம் சுமக்கும் வேன் டயரில் கணக்கு சற்று மாறலாம். ஆனால் நைட்ரஜன் எங்களுக்குச் செய்த கெடுதல் வேறு விதம். ‘நைட்ரஜன் அடித்திருக்கிறோம்’ என்ற தைரியத்தில் இரண்டு மாதம் யாரும் டயரைத் தொடவே இல்லை. குறைந்தாலும் அந்தக் கடைக்கே போய்த்தான் நிரப்ப வேண்டும் என்று தள்ளிப்போட்டோம். (சாதாரணக் காற்றையே மேலே நிரப்பலாம், ஒன்றும் ஆகாது. அப்போது எனக்குத் தெரியாது.)

இனி என்னைச் சொந்தப் பம்பின் பக்கம் தள்ளிய ஒரே காரணத்துக்கு வருகிறேன். அது சூடு.

கம்பெனி சொல்லும் அழுத்தம் எப்போதும் ஆறிய டயருக்கானது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எண்தான் அது. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண் அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து நிரப்பக் கூடாது. ஆறிய டயர் என்றால் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற டயர், அல்லது மெதுவாக ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடாத டயர். பங்க்குக்கு வேன் போவது எப்போது? மண்டபத்துக்குப் பாதி வழியில், மதியம், பாரத்தோடு.

இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எங்கள் பின்சக்கரத்துக்கு வேண்டியது 50 பிஎஸ்ஐ. ஓடிச் சூடேறிய டயருக்குள் 58 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம், விடியற்காலையில் 28 டிகிரி. கேஜ் காட்டும் எண்ணோடு வெளிக்காற்றின் அழுத்தம் 14.7ஐக் கூட்டினால் 64.7. வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்தால் (செல்சியஸோடு 273ஐக் கூட்டினால்) 331, 301. 64.7ஐ 301ஆல் பெருக்கி 331ஆல் வகுத்து, கூட்டிய 14.7ஐக் கழித்தால் விடை. சூட்டில் 50 வைத்த டயர் ஆறியதும் 44க்கு வந்து நிற்கிறது. இந்தக் கணக்கு நைட்ரஜனுக்கும் அப்படியேதான். உலர்ந்த வாயு என்பதால் துளி வித்தியாசம் இருக்கலாம், ஆறு பிஎஸ்ஐ வித்தியாசம் எந்த வாயுவாலும் மறையாது.

அண்ணன் பொய் சொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அவர் வைத்தது சூட்டு 50. பிறகு புதுக் கேஜை எடுத்துக்கொண்டு அதே பங்க்கில் ஒப்பிட்டேன். அங்கே இருந்தது நாலு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டியது. ஆக, எங்கள் 50 நிஜத்தில் 40. என் கேஜும் தெய்வ வாக்கு இல்லை. இன்னொன்று வாங்கி இரண்டையும் வைத்துப் பார்த்ததில் ஒரு பிஎஸ்ஐ இடறியது. அதுவரை பொறுத்துக்கொள்ளலாம்.

பத்து பிஎஸ்ஐ குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கடைக்காரரின் உள்ளங்கையில் பார்த்தாயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் கூடுதலாக மடிந்து நிமிர்கிறது. மடிப்பில் சூடு பிறக்கிறது, சூட்டில் ரப்பருக்கும் உள்நூலுக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. எங்கள் டயரில் 106/104 என்று பொறித்திருக்கிறது. 106 என்றால் அந்த டயர் 950 கிலோ தாங்கும். அந்தக் கிலோ முழுக் காற்றுக்கு எழுதிய கிலோ. காற்றைக் குறைத்துவிட்டு அண்டாவைக் குறைக்காமல் போனோம், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான தப்பையும் அண்ணன் சில தடவை செய்திருக்கிறார். சூட்டில் பார்த்து 56 காட்டியதும் “அதிகமாக இருக்கிறது” என்று ஆறு பிஎஸ்ஐ இறக்கிவிட்டாராம். சரியாக இருந்த டயர் அது. சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதே என்பதை மட்டுமாவது எல்லா டிரைவர்களுக்கும் சொல்லிவிடலாம்.

காலையில் வண்டி கிளம்புமுன், நின்ற இடத்திலேயே பார்க்க முடிவது என் கையில் கேஜ் இருந்தால் மட்டும்தான். பங்க்கும் நைட்ரஜன் கடையும் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் அங்கே ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வாரம் ஒரு நாள், முகூர்த்தமில்லாத விடியலில், ஐந்து டயருக்கும் எண்ணை ஒரு நோட்டில் எழுதுகிறோம். ஐந்தாவது ஸ்டெப்னி. (அந்தப் பெயரே வேல்ஸில் லனெல்லி ஊரின் ஒரு தெருப் பெயரிலிருந்து வந்ததாம், அங்கேதான் உபரிச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள்.) வேனுக்கு அடியில் தொங்கும் அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. முதல் நாள் எங்கள் ஸ்டெப்னியில் இருந்தது 22.

நோட்டுக்கு இன்னொரு பயன் உண்டு. முன் வலது டயர் மட்டும் வாரத்துக்கு மூன்று மூன்றாகக் குறைந்துவந்தது. அண்ணன் விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்தார். சின்னக் குமிழ் ஒன்று வந்து உடைந்தது. வால்வுக்குள் இருக்கும் சிறு ஊசியை மாற்றினோம், சில்லறைக் காசு. பங்க்கில் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அங்கே ஒவ்வொரு முறையும் நிரப்பிவிட்டுப் போயிருப்போம்.

பம்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலில் வாங்கிய மலிவு பம்பு மூன்றாம் மாதம் புகைந்தது. காருக்கான சின்னப் பம்பு 50 பிஎஸ்ஐ வரை மூச்சிரைத்துத்தான் ஏறும், நடுவில் ஆறவிட வேண்டும். இரண்டாவது ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய், ஒன்பது மாதமாக ஓடுகிறது. ஐந்து வருடம் வருமா என்று என்னைக் கேட்காதீர்கள். வால்வில் மூடிபோலத் திருகும் சென்சார்களும் கடையில் கிடைக்கின்றன. ஓடும்போதே அழுத்தம் காட்டும். தெருவில் நிறுத்தும் வண்டியில் அவை எத்தனை நாள் இருக்கும் என்ற சந்தேகத்தில் நான் வாங்கவில்லை. வீட்டுக்குள் நிறுத்த இடம் உள்ளவர்களுக்கு அது என் நோட்டைவிட நல்லதாகவும் இருக்கலாம்.

காற்று எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதும் தெரியும். பட்டன் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் சட்டத்துக்குப் போதும். ஐப்பசி மழையில் வேளச்சேரிப் பக்கம் தண்ணீரில் ஓட்டுகிற நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். பக்கச்சுவரில் 1419 என்று இருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய டயரை எவ்வளவு காற்றாலும் இளமையாக்க முடியாது.

பம்பில் தீராத தொல்லை ஒன்றுதான்: சத்தம். காலை நாலரைக்கு அது கடகடவென்று ஓட ஆரம்பித்த முதல் வாரமே மாடி வீட்டு மாமி ஜன்னலைத் திறந்து கேட்டுவிட்டார். இப்போது கேஜ் மட்டும் வாசலில். காற்று வேண்டியிருந்தால் வேனை இருநூறு மீட்டர் தள்ளித் தெருமுனைக்குக் கொண்டுபோய் நிரப்புகிறோம். அதற்குள் டயர் சூடாகாது.