60 டாலர் அட்டையை நம்பி ஏமாந்தேன்

லாஸ் வேகாசில் வீடியோ போக்கர் (இயந்திரம் தரும் ஐந்து சீட்டுகளில் வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றும் சூதாட்டம்) ஆடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஜாக்பாட்டைத் துரத்துவதற்கான உத்தி அட்டை என்று ஒருவர் 60 டாலருக்கு விற்றார். வாங்கினேன். "25 சென்ட் இயந்திரத்தில் ஜாக்பாட் 1,220 டாலரைத் தாண்டிவிட்டால் ஆட்டம் உங்கள் பக்கம்" என்றார். அட்டையிலும் அந்த எண் சிவப்புக் கொட்டை எழுத்தில் இருந்தது.

அவரே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்த வரிசையில் எட்டு இயந்திரங்கள். தலைக்கு மேலே பலகையில் 1,640 டாலர் ஏறிக்கொண்டிருந்தது. ஓர் ஆட்டத்துக்கு ஐந்து 25 சென்ட் காசும் போட்டால்தான் ராயல் ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து) அந்தத் தொகை கிடைக்கும். ஆகவே ஓர் ஆட்டத்துக்கு 1.25 டாலர். ஆர்ட்டின் ராஜா, ராணி, ஜாக்கியோடு இன்னொரு ஜாக்கி வந்தால், அட்டை சொன்னபடி ஜோடியை உடைத்து, ராயலைத் துரத்த அந்த இன்னொரு ஜாக்கியை விட்டேன். ஜாக்பாட் அந்த உயரத்தில் இருக்கும்போது அது சரியான ஆட்டம்தான். அதில் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் 1,220 என்ற கணக்கு, 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' (ஜாக்கி ஜோடி முதல் பரிசு தரும்) ஆட்டத்தில் ஒரு காசுக்கு ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும்) 9, ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) 6 தரும் இயந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும். நான் ஆடியது 8, 5 தரும் இயந்திரம். அதில் ஜாக்பாட் சுமார் 2,160 டாலரைத் தொட்டால்தான் போட்டதும் வருவதும் நேராகும். பரிசுப் பட்டியல் திரையிலேயே இருந்தது. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அட்டையில் பரிசுப் பட்டியலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இன்னொன்றையும் அவர் சொல்லவில்லை. ராயல் ஃப்ளஷ் சராசரியாக 40,000 ஆட்டங்களுக்கு ஒரு முறைதான் விழும். மணிக்கு 600 ஆட்டம் ஆடினாலும் அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் இரண்டு இரவுகளில் ஆடியது பதினொரு மணி நேரம்.

இரண்டாம் இரவு, என்னிடமிருந்து மூன்றாவது இருக்கையில் ஒரு மூதாட்டிக்கு ராயல் விழுந்தது. மணி ஒலித்தது. நிமிர்ந்து பார்த்தேன், பலகையில் தொகை 1,000 டாலருக்கு இறங்கி நின்றது. எட்டு இயந்திரங்களுக்கும் அது ஒரே ஜாக்பாட். அதற்குள் நான் 640 டாலர் இழந்திருந்தேன்.

அப்படி ஓர் அட்டையை யாராவது உங்களிடம் நீட்டினால், இந்த எண் எந்தப் பரிசுப் பட்டியலுக்கு என்று முதலில் கேளுங்கள்.

அட்டைக்குக் கொடுத்த பணத்தையாவது திருப்பித் தரும்படி எழுதினேன். அட்டை சரிதான், எனக்குத்தான் பொறுமை போதவில்லை என்று பதில் வந்தது. மறுநாள் அவரிடமிருந்தே இன்னொரு செய்தி: அடுத்த நிலை அட்டை, 150 டாலர்.