டாஸ்ப்: கல்விச் செலவு யாருக்குப் போகிறது என்று காட்டும் இலவசக் கருவி

அரசு கல்விக்குச் செலவிடும் பணத்தில் ஏழைகளுக்கு எவ்வளவு, வசதியானவர்களுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட நான் பயன்படுத்துவது டாஸ்ப் (DASP) என்ற மென்பொருள் தொகுப்பு. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் இருந்த அப்தல்கரிம் அரார், ஜான்-இவ் டுக்ளோ இருவரும் உருவாக்கியது. இலவசம்தான். ஆனால் ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளுக்குள்தான் ஓடும், ஸ்டேட்டா இலவசமில்லை!

குடும்பக் கணக்கெடுப்புத் தரவைத் திறந்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எத்தனை பேர் அரசுத் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, கல்லூரிக்குப் போகிறார்கள் என்று காட்ட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் அரசு செய்த செலவைக் கொடுத்தால், வருமான வாரியாக யாருக்கு என்ன பங்கு என்று அட்டவணை வந்துவிடும். கட்டளைகள் மனப்பாடமாக இல்லாதவர்களுக்கு உரையாடல் பெட்டிகளும் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது வளைகோட்டுப் படம். மக்களை ஏழையிலிருந்து வசதியானவர் வரை வரிசைப்படுத்தி, செலவில் அவர்களுக்குச் சேரும் பங்கைக் கூட்டிக்கொண்டே போகும் கோடுதான் செறிவுக் கோடு. எல்லோருக்கும் சமமாகப் போனால் அது மூலைவிட்டமாக இருக்கும். அந்த மூலைவிட்டத்துக்கு மேலே போனால், ஏழைகளுக்குத் தலைக்கணக்கை (மக்கள்தொகையில் அவர்களின் பங்கை) விட அதிகப் பங்கு கிடைக்கிறது. அதற்குக் கீழே, ஆனால் இதே வரிசையில் வருமானப் பங்கைக் காட்டும் லாரன்ஸ் கோட்டுக்கு மேலே இருந்தால், தலைக்கணக்குப்படி வர வேண்டியது வரவில்லை; வருமான ஏற்றத்தாழ்வு மட்டும் கொஞ்சம் குறைகிறது. இரண்டையுமே 'ஏழைகளுக்கான செலவு' என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். தொடக்கக் கல்வியையும் பல்கலைக்கழகத்தையும் ஒரே படத்தில் போட்டுப் பாருங்கள், பல நாடுகளில் இரண்டும் வேறு வேறு திசையில் வளையும்.

தொடக்கக் கல்விக் கோடு மேலே ஏறியதும் மகிழ்ந்துவிடவும் கூடாது. ஏழை வீடுகளில் பிள்ளைகள் அதிகம் என்பதாலேயே அது ஏறலாம். அதனால் பள்ளி வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் கொடுத்து, அவர்களில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைத் தனியாகப் பார்ப்பேன்.

இந்த முறைக்கே உள்ள குறையை எந்த மென்பொருளும் தீர்க்காது. ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவைத்தான் 'பயன்' என்கிறோம். ஆசிரியர் வராத பள்ளியிலும் சம்பளம் பயனாகவே ஏறும். அடுத்து ஒதுக்கும் பணம் யாருக்குப் போகும் என்பதும் இதில் தெரியாது. பொருளியலாளர்கள் லான்ஜோவும் ரவாலியனும் 1999இல் இந்தியத் தரவை வைத்துக் காட்டியது இதைத்தான்: பள்ளிச் சேர்க்கை விரியும்போது, சராசரிப் பங்கு சொல்வதை விட ஏழைகளுக்கு அதிகம் போய்ச் சேரலாம்.

ஸ்டேட்டா ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தயங்காமல் நிறுவலாம். மாநில வாரியாகச் செலவு விவரம் கிடைத்தால் அதையே கொடுங்கள். தேசியச் சராசரி போட்டால் ஏழை மாநிலப் பள்ளிக்கு இல்லாத பணம் இருப்பதாகக் காட்டும்.