யாழ்ப்பாணத்தில் முழங்காலுக்கு ஏற்றப்படும் "பி.ஆர்.பி.": காசு கட்ட முன் இதை வாசியுங்கோ

யாழ். நகரை அண்டிய ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில், அறுபத்தைந்து வயது தாண்டிய ஒரு அம்மாவுக்கு வலது முழங்காலில் மாதம் ஒன்றாக மூன்று "பி.ஆர்.பி. ஊசி" (தன் இரத்தத்தையே எடுத்து, அதில் ஒரு பகுதியைப் பிரித்து மூட்டுக்குள் ஏற்றுவது) போட்டிருக்கிறார்கள். காசு கனடாவிலிருந்து மகன் அனுப்பியது. "தேய்ந்த சவ்வு திரும்ப வளரும், ஒப்பரேசன் தேவையில்லை" என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். இன்றைக்கு அவருக்குக் கோயில் படி ஏற ஏலாது. நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை, உள்பெட்டியில் கேட்கவும் வேண்டாம். அங்கே செய்த வேலை என்னவென்று விளங்கினால், அதே வேலையை எந்த இடத்தில் செய்தாலும் பிடிக்கலாம்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் மூடி போட்ட இரண்டு ரியூப்பில் தலா 5 மில்லிலீற்றர் இரத்தம். சுழற்றும் மெசினில் பத்து நிமிடம். மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரில் 4 மில்லிலீற்றரை இழுத்து, "வலி தெரியாமல் இருக்க" என்று இன்னொரு சின்னக் குப்பியிலிருந்து பால்போல வெள்ளையான மருந்து கொஞ்சம் கலந்து, முழங்காலுக்குள் ஏற்றினார்கள். அடுத்த நாளே நோ குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். அதே கிழமை சீனி 300 ஐத் தாண்டியது. மாதம் முடிய நோ திரும்ப வந்தது, அடுத்த ஊசிக்கு நாள் குறித்தார்கள்.

இதில் எந்தப் படியிலும் பி.ஆர்.பி. இல்லை.

முதலில் ரியூப். பி.ஆர்.பி. என்பது குருதிச் சிறுதட்டுகள் (இரத்தம் உறைய உதவும் மிகச் சிறிய துணிக்கைகள், பிளேற்லெற்) செறிந்த திரவவிழையம் (இரத்தத்தின் நீர்ப்பகுதி, பிளாஸ்மா). இரத்தம் உறையாமல் இருந்தால்தான் சிறுதட்டுகள் திரவவிழையத்தில் மிதக்கும், அதனால்தான் எடுக்கும்போதே சிற்றேற் சேர்ந்த உறைவெதிர்ப்பு மருந்து ஊசிக்குள் இருக்கவேண்டும். ஆய்வுகூடங்களில் மஞ்சள் மூடி ரியூப் இருப்பது பெரும்பாலும் நேர்மாறான வேலைக்கு: அதற்குள் இரத்தத்தை உறையவைக்கும் பொருளும் ஒரு ஜெல்லும் இருக்கும். இரத்தம் உறைய, சிறுதட்டுகள் அந்தக் கட்டிக்குள்ளேயே அகப்பட்டுப் போகும். மேலே நிற்பது சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் நீர். கொலஸ்ரரோல் பார்க்க அது உதவும், முழங்காலுக்கு ஏற்றவேண்டிய சிறுதட்டுகள் அதில் இல்லை. அந்த ரியூப்புகளின் லேபிளில் "ஐ.வி.டி." என்று மூன்று எழுத்து இருக்கும், உடலுக்கு வெளியே பரிசோதனை செய்வதற்கு மட்டும் என்று அர்த்தம். அதற்குள் இருந்ததைத் திரும்ப மூட்டுக்குள் ஏற்றுவதற்கு அதைச் செய்யவில்லை. (ஒன்று சொல்லவேண்டும்: உண்மையான பி.ஆர்.பி. கிட் சிலவற்றிலும் ஜெல் உண்டு, ஆனால் சிற்றேற்றும் உண்டு. ஜெல்லைக் கண்டவுடனே கள்ளம் என்று சண்டைக்குப் போகவேண்டாம், பெட்டியை வாங்கி வாசியுங்கோ.)

இரண்டாவது கணக்கு. இதைக் கடதாசியில் போட்டுப் பார்த்தாலே போதும். ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் சாதாரணமாக 150,000 முதல் 450,000 வரை சிறுதட்டுகள். 250,000 என்று வைப்போம். 10 மில்லிலீற்றரில் மொத்தம் 250 கோடி. ஒன்றுகூட வீணாகாமல் எல்லாவற்றையும் 4 மில்லிலீற்றருக்குள் அடைத்தாலும் இரண்டரை மடங்குதான் வரும். அந்த நிலையத்தின் துண்டுப் பிரசுரத்தில் "ஐந்து மடங்கு" என்று போட்டிருக்கிறது. 10 மில்லிலீற்றரில் ஐந்து மடங்கு வேண்டுமென்றால் கையில் மிஞ்சுவது 2 மில்லிலீற்றர்தான், அதுவும் இழப்பே இல்லாவிட்டால். ஒழுங்காகச் செய்பவர்கள் முழங்காலுக்கு 30 முதல் 60 மில்லிலீற்றர் இரத்தம் எடுப்பது இதனால்தான். நல்ல பலன் காட்டிய ஒரு ஆய்வில் ஏற்றிய அளவு 1000 கோடி சிறுதட்டுகள், அதற்கு எடுத்த இரத்தம் 60 மில்லிலீற்றர்.

சுழற்றுவதிலும் முறை உண்டு. இரண்டு சுற்று முறையில், முதல் மெதுவான சுற்றில் செங்குழியம் கீழே போகும். மேலே உள்ளதை வேறு ரியூப்புக்கு மாற்றி வேகமாகச் சுற்ற, சிறுதட்டுகள் அடியில் சேரும். மேலே தெளிந்த பகுதியை அகற்றிவிட்டு, அடியில் உள்ளதை மிச்சத்துடன் மெதுவாகக் கலக்கவேண்டும். வருவது வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். கண்ணாடிபோல் தெளிந்த மஞ்சளைக் காட்டி "பாருங்கோ, எவ்வளவு சுத்தம்" என்றால், அகற்றவேண்டிய பகுதியைத்தான் காட்டுகிறார்கள்.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாதுதான். எண்ணிப் பார்க்கலாம். உங்கள் இரத்தத்துக்கு ஒரு எப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை), ஏற்றப்போகும் திரவத்தில் அரை மில்லிலீற்றருக்கு ஒரு எண்ணிக்கை. எப்.பி.சி. செய்யும் ஆய்வுகூட மெசினே போதும். இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்தால் எத்தனை மடங்கு என்று தெரியும். இதைக் கேட்டதும் கோபிக்கிற இடத்தில் கால் நீட்டாதேங்கோ.

மூன்றாவது அந்த வெள்ளை மருந்து. விறைப்பு மருந்து தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். மூட்டுக்குப் போடும் ஸ்ரெரொயிட்தான் பால்போல இருக்கும். உண்மையான பி.ஆர்.பி. போட்டால் முதல் இரண்டு மூன்று நாள் நோ கூடுவதுதான் வழக்கம், பலன் வருவதென்றால் கிழமைக் கணக்கில் வரும். அடுத்த நாளே நோ பறந்து, சீனியும் ஏறினால் வேலை செய்தது ஸ்ரெரொயிட். அது தடைசெய்த மருந்தல்ல, மலிவானது, தேவையான இடத்தில் நிபுணர்களே போடுவார்கள். சொல்லாமல், நீரிழிவுக்காரருக்கு, பல மடங்கு விலைக்குப் போட்டதுதான் களவு. அடிக்கடி போட்டால் மிச்சமிருக்கும் கசியிழையமும் (அவர்கள் "சவ்வு" என்றது இதைத்தான்) பாதிக்கப்படும்.

சரியாகச் செய்தாலும் இது எல்லா முழங்காலுக்கும் பொருந்தாது. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் தேய்வை கெல்கிரன்–லோரன்ஸ் அளவில் 0 முதல் 4 வரை பிரிப்பார்கள். பி.ஆர்.பி. பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் 1, 2, 3 க்குத்தான். இந்த அம்மாவின் படம் 4: எலும்பும் எலும்பும் முட்டுகிறது. படத்தை யாரும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வியாபாரம் நடந்திராது.

"சவ்வு வளரும்" என்ற கதைக்கும் பதில் இருக்கிறது. 2021 இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், மிதமான தேய்வுள்ள 288 பேருக்கு பி.ஆர்.பி. அல்லது வெறும் உப்புநீர் ஏற்றி ஒரு வருடம் பார்த்தார்கள். நோவிலும், எம்.ஆர்.ஐ.யில் அளந்த கசியிழையத்திலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வில் சிறுதட்டுச் செறிவு குறைவு என்று விமர்சனம் உண்டு, நோ குறைந்ததாகக் காட்டிய வேறு ஆய்வுகளும் உண்டு. அமெரிக்க வாதநோய்க் கல்லூரி வேண்டாம் என்கிறது, அங்குள்ள என்பியல் நிபுணர் சங்கம் மட்டான ஆதரவு தருகிறது. ஆக, ஆரம்பத் தேய்வில் நோவைக் குறைக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அதில் நேர்மை இருக்கிறது. வளர்த்துத் தருகிறேன் என்றால் எழும்பி வாங்கோ.

கேட்காமல் விட்ட இன்னொன்று மருந்து. அவர் தினமும் டைக்குளோபெனக் குளிசை போடுபவர். அந்த வகைக் குளிசைகள் சிறுதட்டுகளின் வேலையை மந்தமாக்கும் என்பதால் ஒரு கிழமையாவது முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அஸ்பிரின், குளோப்பிடோகிரெல் போடுபவர்கள் மட்டும் இருதய வைத்தியரைக் கேட்காமல் தாங்களாக நிறுத்தக்கூடாது. முழங்காலைவிட இருதயம் பெரிது.

போக முன் வைத்தியரின் பெயரை இலங்கை மருத்துவ சபைப் பதிவிலும், நிலையத்தைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையிலும் பாருங்கோ. பற்றுச்சீட்டில் மருந்தின் பெயர், அளவு, கிட்டின் தொகுதி இலக்கம் எல்லாம் எழுதி வாங்குங்கோ. இவருடையதில் "ஊசி - 1" என்று மட்டும் இருக்கிறது, முறைப்பாட்டுக்கு அது காணாது. ஊசி போட்டபின் எந்த நாளென்றாலும் காய்ச்சல் வந்தால், அல்லது மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கமும் சூடும் கூடிக்கொண்டு போனால், போட்ட இடத்துக்கே திரும்பிப் போகாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. மூட்டுக்குள் கிருமி போனால் ஒரு நாள் தாமதமும் பிழை.

இந்த அம்மாவுக்குக் கிருமி போகவில்லை. ஆனால் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் மூட்டில் ஸ்ரெரொயிட் போயிருந்தால் தொற்று அபாயம் கூடும். உள்ளே போனது என்ன, எத்தனை மில்லிகிராம் என்று எந்தத் துண்டிலும் இல்லாததால், சத்திரசிகிச்சை நிபுணர் கடைசி ஊசியிலிருந்து மாதத்தை எண்ணித் திகதியைத் தள்ளி வைத்திருக்கிறார்.