ரேட்டை வெளியே போடாத ஆன்லைன் கடை: நாலரை வருட அனுபவம்

கரூரில் எங்கள் குடும்பத் தொழில் பெட்ஷீட், துண்டு, தலையணை உறை. 2020 லாக்டவுனில் கையில் நேரம் இருந்ததால் வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில், கடை நடத்த உதவும் வூகாமர்ஸைப் போட்டு, சில்லறைக்கென்று ஒரு சைட் ஆரம்பித்தேன். ஒன்றிரண்டு பெட்ஷீட் விற்றுக்கொண்டிருந்த அந்தச் சைட்டைப் பார்த்துவிட்டு லாட்ஜ்காரர்களும் ஹாஸ்டல்காரர்களும் "நூறு பீஸ் எடுத்தா என்ன ரேட்?" என்று போன் செய்தார்கள். சரி, இதற்கும் ஒரு வழி செய்வோம் என்று 2021 ஜூனில் மொத்த விற்பனையைச் சேர்த்தேன். மாமாவிடம் (என் மாமனார்) சொன்னபோது கேட்டார்: "ஏங்கண்ணு, வெலையை வெளிய எழுதிப் போட்டுட்டா அப்புறம் பேசறதுக்கு என்ன இருக்குது?"

வூகாமர்ஸ் இலவசம்தான். ஆனால் அதில் ஒரு பொருளுக்கு ஒரு விலைதான் வைக்க முடியும். லாகின் செய்த கடைக்காரருக்கு ஒரு விலை, வீட்டுக்கு வாங்குபவருக்கு ஒரு விலை என்று காட்ட, தனியாக ஹோல்சேல் ப்ளகின் (கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) ஒன்று வேண்டும். 2022இல் ஷாப்பிஃபை என்ற இன்னொரு ஆன்லைன் கடைச் சேவைக்கு மாறலாமா என்றும் பார்த்தேன். வியாபாரிகளுக்கு விற்கும் வசதிகள் அப்போது அவர்களுடைய பிளஸ் திட்டத்தில்தான் இருந்தன. எங்கள் அளவுக்கு அது கட்டுப்படியாகாது. ப்ளகினை நிறுவி விலைகளை ஏற்ற இரண்டு வாரம் ஆனது. அதைச் சரிப்படுத்த இரண்டு வருடம் ஆனது.

முதலில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்தால் உடனே ஹோல்சேல் கணக்கு கிடைக்கும்படி வைத்திருந்தேன். கல்யாண வீட்டுக்குப் பத்து பெட்ஷீட் வேண்டியவர்களெல்லாம் ஒரே மாதத்தில் மொத்த வியாபாரிகள் ஆகிவிட்டார்கள். இப்போது ஜிஎஸ்டி எண் கட்டாயம். 15 எழுத்துள்ள அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடையின் பெயரும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: நமக்கு 33, கேரளாவுக்கு 32. ஒவ்வொன்றையும் நானே பார்த்துத்தான் அனுமதிக்கிறேன். ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

பெரிய அடி விழுந்தது கேஷில் (பணம் அல்ல, பக்கங்களைச் சேமித்து வைத்துக் காட்டும் cache). சைட் வேகமாகத் திறக்கட்டும் என்று ஹோஸ்டிங்கில் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் சேவை) ஒரு வசதியை ஆன் செய்தேன். லாகின் செய்த ஒரு கடைக்காரருக்குக் காட்டிய பக்கத்தை அது அப்படியே சேமித்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டது. பக்கத்தில் 310 ரூபாய், கார்ட்டில் போட்டால் 499. ஒன்றரை நாள் இப்படி ஓடியிருக்கிறது. சில்லறையில் வாங்குபவர்கள் ஏமாற்று வேலை என்றார்கள், அது பரவாயில்லை. எங்களிடம் வாங்கி விற்கும் ஒரு கடைக்காரரின் வாடிக்கையாளர் அந்த 310ஐப் போனில் படம்பிடித்துக்கொண்டு போய் அவர் கல்லாவில் நீட்டிவிட்டார். அந்தக் கடைக்காரர் மூன்று மாதம் எங்களுக்கு ஆர்டர் போடவில்லை. மாமா நேரில் போய்ப் பேசிய பிறகுதான் வந்தார். லாகின் செய்தவர்களின் பக்கங்களைக் கேஷில் சேர்க்காதே என்று ஒரு டிக் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் வேலையாக, லாகின் இல்லாத வேறு ஒரு போனில் உங்கள் சைட்டைத் திறந்து பாருங்கள்.

அந்தக் கடைக்காரரின் கோபத்தில் இன்னொரு நியாயமும் இருந்தது. எங்கள் சில்லறை விலை, அவர் கடை விலையைவிட 40 ரூபாய் குறைவு. "நீங்களே எனக்குப் போட்டியா நின்னா நான் எதுக்கு உங்க சரக்கை அடுக்கணும்?" என்றார். பதில் இல்லை. சில்லறை விலையை ஏற்றினேன், சில்லறை ஆர்டர் குறைந்தது. அதை இன்றுவரை அப்படியேதான் விட்டிருக்கிறேன்.

குறைந்தபட்ச ஆர்டர் விஷயத்திலும் தடுமாறினேன். துண்டுக்கு 60 பீஸ் என்று வைத்தேன். ப்ளகின் அதை ஒவ்வொரு நிறத்துக்கும் 60 என்று எடுத்துக்கொண்டது. ஆறு நிறத்தில் பத்துப் பத்தாகக் கலந்து கேட்பதுதான் கடைக்காரர் வழக்கம். அவர்கள் ஆர்டரே போக முடியாமல் நின்றது. "உங்க சைட்டு என்னை உள்ள விடமாட்டேங்குதும்மா" என்று ஒருவர் போன் செய்யும்வரை எனக்குத் தெரியாது. நிறங்களைச் சேர்த்து எண்ணும் அமைப்பு எல்லா ப்ளகினிலும் இருக்காது. வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

இனி வரி. 2025 செப்டம்பர் 22க்கு முன்பு, பெட்ஷீட் ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. எங்கள் டபுள் பெட்ஷீட் சில்லறையில் 1,250, மொத்தத்தில் 820. ஒரே சரக்கு, இரண்டு வரி! வூகாமர்ஸில் வரி பொருளோடு ஒட்டியிருக்கும், வாங்குகிறவரோடு அல்ல. கடைசியில் சைட்டில் வரும் பில்லை வெறும் ஆர்டர் சீட்டாக வைத்துக்கொண்டு, உண்மையான இன்வாய்ஸை டேலியில் (கணக்கு மென்பொருள்) போட்டோம். 5 சதவீத வரம்பு 2,500 ஆனதும் எங்களுக்கு அந்தத் தலைவலி போனது.

இன்னொன்று எங்கள் ஆடிட்டர் கண்டுபிடித்தது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று தங்கள் பெயரில் பில் கேட்டு, சரக்கைப் பாலக்காட்டில் இருக்கும் தங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பச் சொன்னது. சைட் டெலிவரி முகவரியைப் பார்த்து ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) போட்டது. பில் வாங்குகிறவர் தமிழ்நாடு என்றால் இந்த மாதிரி விற்பனையில் மாநிலத்துக்குள் விற்பதற்கான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும்தான் வர வேண்டும். வரியை எந்த முகவரியை வைத்துக் கணக்கிடுவது என்று வூகாமர்ஸில் ஒரு அமைப்பு உண்டு. முதலில் அது டெலிவரி முகவரியில் இருக்கும், பில்லிங் முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பணம் வாங்குவதில் ஆன்லைன் கேட்வேயை (கார்டு போன்றவற்றில் பணம் வாங்கித் தரும் சேவை) மொத்த விற்பனைக்கு மூடிவிட்டேன். 2 சதவீதக் கமிஷன், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் 80,000 ரூபாய் ஆர்டரில் 1,888 போய்விடும். மொத்த வியாபாரத்தில் லாபமே அந்த ஓரத்தில்தான் நிற்கிறது. அதனால் நேரடி பேங்க் டிரான்ஸ்ஃபர். ஆனால் அதில் ஆர்டர் போட்டதுமே ஸ்டாக் குறைந்துவிடும். பணம் வராவிட்டாலும் நாமாக ரத்து செய்யும்வரை குறைந்தேதான் இருக்கும். ஒரு தீபாவளிக்கு முன்பு 400 துண்டு இப்படி யாரோ ஒருவர் பெயரில் உறங்கியது. குடோனில் சரக்கு இருக்க, சைட்டில் ஸ்டாக் இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. இப்போது தினமும் மாலையில் பணம் வராத ஆர்டர்களின் பட்டியலைப் பார்க்கிறேன். கடன் கணக்கு எதையும் சைட்டில் வைக்கவில்லை. அது மாமாவின் நோட்டிலும் டேலியிலும் இருக்கிறது, இருக்கட்டும்.

அனுப்புவதற்குப் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. 'லாரி பார்சல், டு பே' (லாரி வாடகையைச் சரக்கு எடுப்பவரே கொடுப்பது) என்று ஒரு வழி, எந்த லாரி ஆபீஸ் என்று எழுத ஒரு கட்டம். லாரி ஆபீஸ் தரும் எல்ஆர் ரசீதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம்.

இத்தனையும் செய்து என்ன கிடைத்தது? புதுப் பார்ட்டிகள் சைட் வழியாக வந்தது மிகக் குறைவு. முதல் ஆர்டர் எப்போதும் போனில்தான். சாம்பிள் அனுப்பி, ரேட் பேசி, படிந்த பிறகு அந்த ரேட்டை அவர் கணக்கில் ஏற்றுகிறேன். பேச்சு முடிந்ததும் சைட்டின் வேலை ஆரம்பிக்கிறது. கொடைக்கானல் லாட்ஜ் மேனேஜர் நாலு மாதத்துக்கு ஒரு முறை அதே வெள்ளை பெட்ஷீட், அதே தலையணை உறை வாங்குகிறார். பழைய ஆர்டரைத் திறந்து 'மீண்டும் ஆர்டர் செய்' என்று அமுக்கினால் முடிந்தது. நான் அதிகம் யோசிக்காத அந்தப் பொத்தான்தான் இன்று மொத்த விற்பனை ஆர்டர்களில் பாதிக்கு மேல் கொண்டுவருகிறது. ஒரு விஷயம், ஆர்டரை 'முடிந்தது' என்று குறித்தால்தான் அந்தப் பொத்தான் தெரியும். எங்கள் பையன் ஆறு மாதம் அப்படிக் குறிக்காமலே சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

அப்புறம், இரவு ஒன்பது மணிக்கு "நீலம் ஸ்டாக் இருக்கா?" என்று வரும் போன்கள் நின்றன. ஹோஸ்டிங், ப்ளகின் புதுப்பிப்பு எல்லாம் சேர்த்து வருடம் 30,000 ரூபாய் ஆகிறது. அந்தப் போன்கள் நின்றதற்காகவே கொடுக்கலாம்.

திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் மட்டும் இன்னும் வாய்ஸ் நோட்தான் அனுப்புவார். நிர்வாகப் பக்கத்தில் ஆர்டர் போட்டால் சில்லறை விலை விழுகிறது. அதனால் வாடிக்கையாளர் கணக்குக்குள் நாமே நுழையும் சின்ன ப்ளகின் ஒன்றை வைத்து, அண்ணாச்சியாக லாகின் செய்து அவர் ஆர்டரை நானே போடுகிறேன். போன மாதம் கணக்கெடுத்தேன், சைட்டில் அதிக ஆர்டர் போட்டவர் அவர்தான். பாஸ்வேர்டு என்னவென்று அவருக்கு இன்னும் தெரியாது.