சரக்கு ஆம்னியில் பின் சீட்: பக்கவாட்டு பெஞ்சா, பக்கெட் சீட்டா, பழைய ஆம்னி சீட்டா?

மாருதி ஆம்னி வருவது 2019-லேயே நின்றுபோனாலும், வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றி ஓடிய பழைய சரக்கு வண்டிகளை மார்த்தாண்டம், தக்கலை பக்கம் வாங்க ஆள் இருக்கிறது. வாங்கியவுடனே அடுத்த கேள்வி, பின்னால் பிள்ளைகளை உட்கார வைக்க என்ன சீட் போடலாம்?

செலவு குறைந்தது பக்கவாட்டு பெஞ்ச். சதுரக் குழாயை வெல்டு செய்து, பிளைவுட், ஃபோம், ரெக்சின் போட்டுத் தந்துவிடுவார்கள். சாமான் ஏற்றும்போது மடக்கியும் வைக்கலாம். ஆனால் பேச்சிப்பாறை, திற்பரப்பு வளைவுகளில் பக்கவாட்டில் உட்கார்ந்து போனால் பாதி வழியிலேயே வாந்திதான். சடாரென்று பிரேக் பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் சரிய வேண்டியதுதான், பெல்ட் போட்டாலும் இடுப்பைத்தான் பிடிக்கும், தோளைப் பிடிக்காது. என்னைக் கேட்டால் இது வேண்டவே வேண்டாம்.

வேறு காரிலிருந்து கழற்றிய பக்கெட் சீட் பார்க்க ஜோர், உட்காரவும் சுகம். சிக்கல் கீழே இருக்கிறது. அதன் கால்கள் வேறொரு வண்டியின் தரைக்கு அளவெடுத்தவை, இங்கே தனியாக ஃபிரேம் அடித்து உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும்.

மூன்றாவது, உடைக்கப் போட்ட பயணிகள் ஆம்னியின் சீட். 5 பேர் வண்டியின் பின் சீட் முன்னோக்கி இருக்கும், 8 பேர் வண்டியில் நடு வரிசை பின்னோக்கித் திரும்பி எதிரெதிராக உட்காருவார்கள். எனக்கு 5 பேர் வண்டியின் சீட்தான் பிடிக்கும். பழைய இரும்புக் கடையில் சீட்டை மட்டும் தூக்கி வராமல் பிராக்கெட், பெல்ட், போல்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ரெக்சின் கிழிந்திருந்தால் பரவாயில்லை, பிராக்கெட் துருப்பிடித்திருந்தால் வாங்காதீர்கள்.

எந்த சீட் ஆனாலும் பாரத்தைத் தாங்குவது தரைத் தகடுதான். பெரிய மோதலில் வேகம் 20 ஜி அளவில், அதாவது புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு விசையில், சட்டென்று குறைந்தால், 65 கிலோ ஆள் 1,300 கிலோ எடைக்கு இழுப்பார். வெறும் வாஷர் வைத்து மெல்லிய தகட்டில் முடுக்கிய போல்ட், தகட்டையும் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடியில் 3 மில்லிமீட்டர் கனத்தில் உள்ளங்கை அகல இரும்புத் தகடு கொடுக்க வேண்டும், பெல்ட்டுக்கு வழக்கமான 7/16 அங்குல போல்ட்தான் போட வேண்டும். துளை போடுமுன் கீழே படுத்து பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். குளச்சல், முட்டம் போலக் கடலோரம் என்றால் துளையின் விளிம்பில் உடனே பெயிண்ட் அடிக்காவிட்டால் உப்புக்காற்று அங்கிருந்தே தின்னத் தொடங்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஆர்.சி. புக்கில் சரக்கு வண்டி, 2 சீட் என்றே இருக்குமே! மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் புரட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான். அதனால் நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வகை மாற்றம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். கிடைக்காது என்றால் சரக்கு வண்டியை விற்றுவிட்டு 5 சீட் ஆம்னியாகவே பாருங்கள்.